நட்சத்திரம் போட்டால் எழுத்து தடிக்கும்!

வாட்ஸ்அப்பில் மேனேஜருக்கு 'அவசரம்' என்று அழுத்திச் சொல்ல வேண்டுமா? வார்த்தைக்கு முன்னால் ஒரு நட்சத்திரக் குறி, பின்னால் ஒன்று. அனுப்பிய மறுகணம் எழுத்து புஷ்டியாகிவிடும். (லீவு கிடைக்குமா என்பது வேறு விஷயம்.)

ஏ.ஐ.யிடம் லீவு லெட்டர் எழுதி வாங்கி, படிக்காமல் அப்படியே ஈ-மெயிலில் ஒட்டி அனுப்பிய புண்ணியவான்களுக்கு இன்னொரு அனுபவமும் இருக்கும். லெட்டர் பூரா இரட்டை நட்சத்திரம், நடுநடுவே # குறி... எழுதினது யார் என்று மேலதிகாரி முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்!

இந்த நட்சத்திரங்களுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. பெயர் மார்க்டவுன். ஏ.ஐ. பேசுவது அதே பாஷைதான். வாட்ஸ்அப் 2016-ல் கொண்டுவந்த ஒற்றை நட்சத்திரம் அதற்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.

கொஞ்சம் பின்னால் போகலாம். ஜெனீவா பக்கம் 'செர்ன்' என்ற ஆராய்ச்சிக் கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் உருவாக்கிய வலைத்தளம் 1991-ல் உலகத்துக்கு வந்தது. கூடவே எச்.டி.எம்.எல். என்ற பாஷையும் வந்தது. அதில் எழுதுவது கல்யாண மண்டபத்தில் கதவு காப்பது மாதிரி. ஒரு வார்த்தையைத் தடிக்க வைக்க முன்னால் ஒரு கதவைத் திறக்கணும், பின்னால் மறக்காமல் சாத்தணும். சாத்த மறந்தீர்களோ, அதற்கப்புறம் வருகிற அத்தனை வரியும் குண்டு எழுத்தாகிவிடும்! விஷயம் நாலு வரி, அடைப்புக்குறி நாற்பது. எழுதியதைத் திரும்பப் படித்தால் எழுதியவருக்கே புரியாது.

இந்தத் தொல்லையில் அலுத்துப் போனவர்களில் ஒருவர், அமெரிக்காவில் பிலடெல்பியாக்காரர் ஜான் க்ரூபர். அவர் ஒன்றைக் கவனித்தார். வெறும் எழுத்து மட்டுமே போகும் ஈ-மெயிலில் ஜனங்கள் ஏற்கெனவே தாங்களாக ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். அழுத்தம் வேண்டுமென்றால் நட்சத்திரம். பட்டியல் என்றால் வரிக்கு வரி ஒரு சின்னக் கோடு. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தால் எல்லோருக்கும் புரிகிறது. அதையே இலக்கணமாக்கிவிட்டால் என்ன?

2004 மார்ச்சில் மார்க்டவுன் வெளியானது. அதன் இலக்கணத்தை அமைப்பதில் அவருக்கு யோசனை சொன்னவர் ஏரன் ஸ்வார்ட்ஸ். அப்போது வயது 17! (2013-ல் 26 வயதிலேயே இறந்துபோனார் அந்த மேதை.) பெர்ல் என்ற கம்ப்யூட்டர் பாஷையில் ஆயிரத்துச் சொச்சம் வரி. விலை? இலவசம்.

அன்றைக்கு மூவபிள் டைப், பிளாசம் என்று தளம் நடத்துவதற்கான சாஃப்ட்வேர்கள் இருந்தன. அதிலே இதை ஒரு 'ப்ளக்-இன்' ஆகச் செருகிக்கொள்ளலாம். பிளாசம் இன்னும் சுவாரஸ்யம்; டேட்டாபேஸ் எதுவும் கிடையாது. ஒரு ஃபோல்டரில் சாதா டெக்ஸ்ட் ஃபைல்களைப் போட்டு வைத்தால் போதும். முதல் வரி தலைப்பு, மிச்சம் விஷயம், பக்கம் தயார்.

ப்ளக்-இன் அப்படி என்னதான் செய்கிறது? நாம் நோட்பேடில் இப்படி அடிக்கிறோம்:

# லீவு விண்ணப்பம்

வயிற்று வலி கடுமையாக உள்ளது. டாக்டர் சொன்னது:

- ரசம் சாதம்
- மூன்று நாள் ஓய்வு

ப்ரோக்ராம் இதை மேலிருந்து கீழே மேய்கிறது. # குறியில் ஆரம்பித்தால் தலைப்பு. நடுவே காலி வரி இருந்தால் புதுப் பத்தி. கோட்டில் ஆரம்பித்தால் பட்டியல். இரண்டு பக்கமும் இரட்டை நட்சத்திரம் இருந்தால் தடித்த எழுத்து. கதவு திறந்து சாத்துகிற வேலையெல்லாம் அதனுடையது. வெளியே வருவது ஜம்மென்று ஒரு வலைப்பக்கம்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். டெக்ஸ்ட் ஃபைல் என்பது டே புக். வலைப்பக்கம் என்பது பாலன்ஸ் ஷீட். ஆடிட்டர் மாறலாம், படிவம் மாறலாம். டே புக் கையில் இருக்கிறவரை எத்தனை பாலன்ஸ் ஷீட் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். டே புக் தொலைந்தால்?

என் சித்தப்பா கதையைக் கேளுங்கள். 1998-ல் டி.டி.பி. சென்டர் வைத்திருந்தார். ஊர்க் கோயில் வரலாற்றைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு, 60 பக்கம் டைப் அடித்து, சி.டி.யில் பத்திரமாக வைத்தார். சில வருஷம் முன்பு திறந்து பார்த்தோம். அந்த சாஃப்ட்வேர் இப்போது கிடையாது. எப்படியோ எழுத்தை மட்டும் வெளியே எடுத்தால், ஐரோப்பிய எழுத்தும் பவுண்டு, யென் அடையாளங்களும் கலந்த கூட்டாஞ்சோறு!

"என்னடா, அம்மனுக்கு வெளிநாட்டுக் கரன்ஸியிலே அர்ச்சனை பண்ணி வச்சிருக்கு?" என்றார் சித்தப்பா. சிரித்தார். ஆனால் முகம் தொங்கிவிட்டது. தகவல் சொன்ன பெரியவர்களில் ஒருவர்கூட இப்போது இல்லை.

காரணம் இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் ஃபான்ட்கள் ஆங்கில, ஐரோப்பிய எழுத்துகளின் இருக்கையில் தமிழ் எழுத்தை உட்கார வைத்தன. கம்பெனிக்குக் கம்பெனி இருக்கை வரிசை வேறு. ஃபான்ட் போனால் தமிழும் போச்சு. எந்த ஃபான்ட் என்று தெரிந்தால் மாற்றித் தர இன்றைக்குக் கருவிகள் இருக்கின்றன. நல்லவேளை, சித்தப்பாவுக்கு ஃபான்ட்டின் பெயர் ஞாபகம் இருந்தது. ஒரு வாரம் உட்கார்ந்து மீட்டோம். படங்கள் போயின, எழுத்து பிழைத்தது.

யூனிகோடு இந்தச் சண்டையைத் தீர்த்தது. அதில் 'அ' என்றால் 2949-ம் எண். சென்னையிலும் அதுதான், சிகாகோவிலும் அதுதான். தமிழ்நாடு அரசும் 2010-ல் அதை ஏற்றது. 1998-ல் தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் உழைப்பில் சேர்த்த பழந்தமிழ் நூல்களைப் பழைய முறைகளிலிருந்து யூனிகோடுக்கு மாற்றி வைத்திருக்கிறது. எழுத்தாக இருந்ததால்தான் மாற்ற முடிந்தது.

யூனிகோடில் எழுதிய சாதா ஃபைல், மேலே நாலு மார்க்டவுன் குறி. இடமும் அடைக்காது. கணக்குப் போட்டேன்: ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட், பக்கத்துக்கு 2000 குறியீடு, 300 பக்க நாவல் 1.8 எம்.பி.! மொபைலில் எடுக்கும் ஒரு போட்டோவின் அளவு.

குறை இல்லையா? உண்டு. சிக்கலான அட்டவணை, கல்யாணப் பத்திரிகை டிசைன் எல்லாம் இதன் வேலை இல்லை. பங்காளிச் சண்டையும் நடந்தது. ஆளுக்கொரு மார்க்டவுன் செய்து, ஒரே ஃபைல் இடத்துக்கு இடம் வேறு மாதிரி தெரிய ஆரம்பித்தது. 2014-ல் சிலர் சேர்ந்து விதிமுறை எழுதி 'ஸ்டாண்டர்ட் மார்க்டவுன்' என்று பெயர் வைக்க, க்ரூபர் ஆட்சேபிக்க, அது 'காமன்மார்க்' ஆனது. அந்த விதிகளை எழுதியதில் முக்கியமானவர் ஜான் மேக்ஃபார்லேன். கம்ப்யூட்டர்காரர் அல்ல, பெர்க்லியில் தத்துவப் பேராசிரியர்!

ஆகவே நண்பர்களே, '.எம்.டி.' என்று முடியும் ஃபைலைப் பார்த்தால் மேனேஜிங் டைரக்டர் அனுப்பியதோ என்று எழுந்து நிற்க வேண்டாம். நோட்பேடில் திறந்து பாருங்கள். உள்ளே மனுஷ பாஷைதான் இருக்கும்.

பாட்டி சொன்ன கஷாயம், அப்பாவின் கடன் கணக்கு, நீங்கள் யாருக்கும் காட்டாத கவிதை... எதுவானாலும் முதலில் சாதா எழுத்தாக ஒரு காப்பி அடித்து வையுங்கள். அலங்காரத்தை எந்தக் காலத்திலும் யாராவது ஒரு ப்ரோக்ராம் பண்ணித் தரும். விஷயத்தை நாம்தான் காப்பாற்ற வேண்டும்.