எண்ணெய் இல்லை என்ற விளம்பரம்

விருதுநகர்ப் பக்கம் மரச்செக்கு வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் எங்கள் வாடிக்கையாளர். மதுரையில் மூன்று பேர் சேர்ந்து நடத்தும் சின்ன விளம்பர நிறுவனம் எங்களுடையது. கடை போர்டு, நோட்டீஸ், வாட்ஸப் ஸ்டேட்டஸ், இன்ஸ்டாகிராம் ரீல் என்று வருவதையெல்லாம் செய்கிறோம். கொஞ்ச காலமாக முதல் வரைவுகளைச் செயற்கை நுண்ணறிவுதான் எழுதித் தருகிறது. அண்ணாச்சிக்காக அது எழுதியதைச் செல்போனில் காட்டினேன். பாரம்பரியம், தூய்மை, ஆரோக்கியம், உங்கள் குடும்பத்தின் நம்பிக்கை என்று எல்லாமே இருந்தன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இது எதிர்த்த கடைக்கும் பொருந்துமே?"

நான் கல்லூரியில் இயற்பியல் படித்தவன். பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது. அண்ணாச்சி ஒரு நொடியில் சொன்ன குறையை 1948-லேயே ஒருவர் கணிதமாக எழுதிவைத்திருக்கிறார்.

அவர் கிளாட் ஷானன். அமெரிக்காவில் தொலைபேசி ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற பெல் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். ஒரு செய்தியில் எவ்வளவு தகவல் இருக்கிறது என்பதை அளக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார். அவர் கண்ட விடை மிக எளிமையானது: அந்தச் செய்தி எவ்வளவு எதிர்பாராததோ, அவ்வளவு தகவல் அதில் இருக்கிறது. நாளைக்கும் சூரியன் கிழக்கே உதிக்கும் என்று ஒருவர் வந்து சொன்னால் நமக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. காசைச் சுண்டி பூவா தலையா என்று சொன்னால் கிடைப்பது ஒரு பிட். 1,024-ல் ஒரு தடவை மட்டுமே நடக்கக்கூடியது நடந்துவிட்டது என்றால் பத்து பிட். நிகழ்தகவு பாதியாகும்போதெல்லாம் ஒரு பிட் கூடுகிறது.

"யானை வரும் பின்னே, மணியோசை வரும்" என்று இங்கே நிறுத்துகிறேன். அடுத்த சொல்லை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அதை நான் அச்சிட்டாலும் அச்சிடாவிட்டாலும் உங்களுக்கு ஒன்றுதான். ஷானன் கணக்கில் அந்தச் சொல்லின் எடை ஏறக்குறைய பூஜ்யம்.

1951-ல் அவர் இதை ஒரு விளையாட்டாகவே நடத்திப் பார்த்தார். ஓர் உரைப்பகுதியை மறைத்து வைத்துக்கொண்டு, அடுத்த எழுத்து என்ன என்று ஒருவரை வரிசையாக ஊகிக்கச் சொன்னார். 129 எழுத்துகளில் 89 முதல் ஊகத்திலேயே சரியாக வந்தன. தவறியவை பெரும்பாலும் ஒரு சொல்லின் தொடக்கத்தில் இருந்தவை. ஒரு சொல் தொடங்கிவிட்டால் மிச்சம் தானாக வந்துவிடுகிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளும் இடைவெளியும் சமவாய்ப்போடு வந்தால் ஒவ்வொன்றும் 4.76 பிட் சுமக்க வேண்டும். உண்மையான எழுத்தில் அது ஒரு பிட் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று அவர் மதிப்பிட்டார். நாம் படிக்கும் பக்கத்தின் பெரும்பகுதி நமக்கு முன்பே தெரிந்தது. இதை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் குறையவில்லை.

இன்று எங்கள் மேசையில் இருக்கும் இயந்திரம் இதே விளையாட்டைத்தான் ஆடிப் பழகியது. ஒரு துண்டு உரையைக் காட்டி, அடுத்து வருவதை மறைத்து, வரக்கூடிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிகழ்தகவு கொடுக்கச் சொல்கிறார்கள். பிறகு உண்மையில் வந்ததைத் திறந்து காட்டுகிறார்கள். அதற்கு இயந்திரம் குறைவான நிகழ்தகவு கொடுத்திருந்தால் அபராதம். அந்த அபராதத்தின் அளவு ஷானனின் அதே சூத்திரம், நிகழ்தகவு பாதியாகும்போதெல்லாம் ஒரு பிட் கூட்டும் அதே மடக்கைக் கணக்கு. எவ்வளவு எதிர்பாராததோ அவ்வளவு அபராதம். அது குறையும் திசையில் உள்ளே இருக்கும் எண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்துகிறார்கள். 2020-ல் வந்த ஜிபிடி-3 என்ற மொழி மாதிரியில் அப்படிப்பட்ட எண்கள் 17,500 கோடி இருந்தன. ஏறக்குறைய 30,000 கோடி உரைத்துண்டுகளை வைத்து அவற்றைத் திருத்தினார்கள்.

அதாவது, எதைக் கண்டும் வியக்காமல் இருப்பதற்கென்றே பயிற்றுவிக்கப்பட்ட ஒன்று அது. பயிற்சி முடிந்தபின் மனிதர்கள் மதிப்பெண் போட்டு அதன் பேச்சை இன்னும் பதப்படுத்துகிறார்கள். ஆனாலும் அடிப்படை இந்த விளையாட்டுதான். எண்ணெய்க் கடைக்கு விளம்பரம் எழுது என்றால், உலகத்தில் எழுதப்பட்ட எண்ணெய் விளம்பரங்களில் எல்லாம் எது அதிகம் வந்ததோ அதை நோக்கியே அது போகும். பாரம்பரியம் வரும், தூய்மை வரும். எதிர்த்த கடைக்கும் பொருந்தும். இயந்திரம் வேலையில் கோட்டை விட்டதாகச் சொல்ல முடியாது. வேலையை மிகச் சரியாகச் செய்ததால் வந்த விளைவு இது.

சரி, கொஞ்சம் வியப்பூட்டும்படி எழுது என்று திருப்பிவிட ஒரு திருகு இருக்கிறது. அதன் பெயர் வெப்பநிலை. பெயருக்காக வைத்த பெயர் என்று நினைத்துவிடக் கூடாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆஸ்திரிய இயற்பியலாளர் லுட்விக் போல்ட்ஸ்மன் வாயுக்களைப் பற்றி யோசித்தார். குளிர்ந்த வாயுவில் மூலக்கூறுகள் பெரும்பாலும் குறைந்த ஆற்றல் நிலையிலேயே கிடக்கும். சூடேற்றினால் சில மேலேறும். இன்னும் சூடேற்றினால் எல்லா நிலைகளிலும் பரவும். எந்த நிலையில் எத்தனை இருக்கும் என்பதற்கு ஓர் அடுக்குக்குறிச் சூத்திரம் உண்டு. மொழி மாதிரி கடைசிப் படியில் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது பயன்படுத்துவது அந்த வடிவத்தையே. ஆற்றலின் இடத்தில், குறி மாறி, சொல்லுக்குக் கிடைத்த மதிப்பெண் இருக்கும், அவ்வளவுதான் வேறுபாடு. வெப்பநிலையைப் பூஜ்யத்துக்கு இறக்கினால் எப்போதும் முதல் இடத்துச் சொல்லே வரும். ஏற்றினால் பின்வரிசைச் சொற்களுக்கும் வாய்ப்பு கிடைக்கும். வியன்னா கல்லறைத் தோட்டத்தில் போல்ட்ஸ்மனின் மார்பளவுச் சிலைக்கு மேலே ஒழுங்கின்மையை அளக்கும் அவருடைய என்ட்ரோபிச் சமன்பாட்டைப் பொறித்திருக்கிறார்கள். நீராவி இயந்திரக் காலத்தில் பிறந்த கணக்கு, மதுரையில் ஒரு மாடி அறையில் நல்லெண்ணெய் விற்க உட்கார்ந்திருக்கிறது.

திருகை ஏற்றிப் பார்த்தேன். செக்கில் நிலா சுழல்வதாக எழுதியது. எள்ளின் கனவு எண்ணெய் என்று எழுதியது. யாரும் எதிர்பார்க்காதவைதான். ஆனால் அந்தக் கடை அவற்றுள் எங்குமே இல்லை.

அடுத்த வாரம் ஒரு காலைப் பொழுது முழுக்க செக்கடியில் உட்கார்ந்திருந்தேன். உரலும் உலக்கையும் வாகை மரம் என்றார். எள்ளோடு கருப்பட்டி போட்டு ஆட்டுவதைக் காட்டினார். ஆட்டிய எண்ணெயை வெயிலில் வைத்து மண்டி இறங்கித் தெளிந்தபிறகுதான் ஊற்றுகிறார். பிண்ணாக்கு வாங்க மாடு வளர்ப்பவர்கள் வந்து போனார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணாச்சி வெளியே எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மழை விழுந்துட்டா எள்ளு காயாது தம்பி. ஈரத்தோட ஆட்டுனா எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிச்சிரும். நான் ஆட்ட மாட்டேன். வாங்க வர்றவங்கள வெறுங்கையோடதான் அனுப்புவேன்."

எழுதிக்கொண்டேன். திரும்பி வந்து குறிப்பேட்டில் இருந்த நாலு பக்கத்தையும் அப்படியே இயந்திரத்துக்குத் தட்டச்சு செய்து கொடுத்தேன். அந்த 17,500 கோடி போன்ற எண்களில் ஒன்றுகூட இதனால் மாறுவதில்லை. மாறுவது அதன் கண்முன் இருக்கும் உரை. 2017-ல் கூகுளைச் சேர்ந்த எட்டுப் பேர் எழுதிய ஆய்வுக்கட்டுரையிலிருந்து கிளைத்தது இந்த இயந்திரத்தின் அமைப்பு. அடுத்த சொல்லைத் தேடும்போது முன்னால் உள்ள ஒவ்வொரு சொல்லையும் திரும்பிப் பார்த்து, எதற்கு எவ்வளவு கவனம் என்று எடைபோடும். மழை, ஈரம், ஆட்ட மாட்டேன் ஆகியவை முன்னால் வந்துவிட்டதால், முன்பு அடிமட்டத்தில் கிடந்த ஒரு வாக்கியம் மேலே ஏறி வந்தது. வந்த இருபது வரைவுகளில் ஒன்றை எங்கள் கூட்டாளி தட்டிக் கொட்டிச் சின்னதாக்கினாள்:

நாலு நாளா மழை. எள் காயல. இந்த வாரம் எண்ணெய் இல்லை.

எண்ணெய்க் கடை விளம்பரம் எண்ணெய் இல்லை என்கிறது. அண்ணாச்சியின் செக்கடியில் உட்கார்ந்தவனுக்கு இந்த வரி இயல்பானது. வேறென்ன சொல்ல முடியும் என்றே தோன்றும். என் குறிப்பைப் படித்த இயந்திரத்துக்கும் அப்படியே. செல்போனில் விரலை ஓட்டிக்கொண்டு போகிறவருக்குத்தான் அது எதிர்பாராதது. கடையை அறிந்தவர் கணக்கில் நிகழ்தகவு அதிகம், அறியாதவர் கணக்கில் குறைவு. அந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம்தான் விளம்பரம் சுமந்துகொண்டு போகும் தகவல். நிலா சுழலும் செக்கு இரண்டு பேருக்குமே எதிர்பாராதது. பாரம்பரியமும் தூய்மையும் இரண்டு பேருக்குமே தெரிந்தவை. எங்கள் தொழிலில் காசு வாங்குவதற்கான நியாயம் இந்தத் தூரத்தில் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். எந்த உரையிலும் இல்லாத ஒன்றைச் செக்கடிக்குப் போய் எடுத்துக்கொண்டு வருகிறவர் ஒருவர் வேண்டும்.

அந்த இருபதில் இன்னொன்று "1924 முதல்" என்று தொடங்கியது. அண்ணாச்சி கடை வைத்துப் பதினைந்து வருடம்கூட முழுசாக ஆகவில்லை. பாரம்பரியம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு பழைய ஆண்டு வருவது வழக்கம் என்பதால் இயந்திரம் ஓர் ஆண்டைப் போட்டுவிட்டது. எது வழக்கம் என்று அதற்குத் தெரியும். எது நடந்தது என்று தெரியாது. வாடிக்கையாளரை ஏமாற்றும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சட்டம் இல்லாவிட்டாலும், அண்ணாச்சி பெயரில் ஒரு பொய் வெளியே போனால் நான் அந்தத் தெருவில் நடக்க முடியாது. எண் எதுவானாலும், உடல்நலம் பற்றிய வாக்கு எதுவானாலும், குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே வெளியே அனுப்புகிறோம்.

தமிழில் இந்த வேலை செய்கிறவர்களுக்குச் செலவுக் கணக்கிலும் ஓர் அதிசயம் உண்டு. கணினியில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். இன்று வழக்கத்தில் உள்ள யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் வேண்டும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறியீடுகள். எண்ணெய் என்ற சொல்லுக்கு 21 பைட். அதன் ஆங்கிலச் சொல்லுக்கு மூன்று. மொழி மாதிரிகள் உரையை டோக்கன் என்ற துண்டுகளாக நறுக்கிக்கொள்கின்றன. அடிக்கடி அருகருகே வருபவற்றை ஒட்டி ஒரே துண்டாக்கும் அந்த முறை, 1994-ல் பிலிப் கேஜ் என்பவர் கோப்புகளைச் சுருக்குவதற்காகச் சொன்ன வழியிலிருந்து வந்தது. ஆங்கிலம் நிறையவும் தமிழ் குறைவாகவும் உள்ள உரையில் ஒட்டிப் பழகினால் ஆங்கிலச் சொல் முழுசாக நிற்கும். தமிழ்ச் சொல் எழுத்தாக, சில நேரம் எழுத்தின் பாதியாக உடையும். நிரல் வழியாகப் பயன்படுத்தும்போது கட்டணம் டோக்கன் கணக்கில்தான். ஒரே சேதியைத் தமிழில் சொல்லக் கூடுதல் பணம். 2024-ல் ஜிபிடி-4ஓ வந்தபோது அதன் நிறுவனம் காட்டிய மாதிரி வாக்கியம் ஒன்று தமிழில் 116 டோக்கனிலிருந்து 35-ஆக இறங்கியிருந்தது. மொழி மாறவில்லை, நறுக்கும் கத்தி மாறியது. அடுத்தடுத்த கத்திகளும் தமிழை அதன் மூட்டுகளில் வெட்டப் பழக வேண்டும் என்பது என் பெரிய ஆசை.

எந்த வரி கடைக்கு ஆள் கூட்டி வருகிறது என்பதை எப்படி அறிவது? இரண்டு வரிகளையும் பாதிப் பாதிப் பேருக்கு அனுப்பி எண்ணலாம். ஆனால் மோசமான வரியைப் பாதிப் பேர் கடைசிவரை வாங்கிக்கொண்டிருப்பார்கள். 1933-ல் வில்லியம் தாம்ப்சன் என்பவர் இதே சிக்கலை மருத்துவத்தில் பார்த்தார். இரண்டு சிகிச்சைகளில் எது மேல் என்று தெரியாதபோது, அறிய வேண்டும் என்பதற்காகப் பாதி நோயாளிகளை மட்டமான சிகிச்சையில் வைத்திருப்பதா? அவர் சொன்ன வழி: இதுவரை கண்டதை வைத்து, எது மேலாக இருக்கும் என்பதற்கு எவ்வளவு வாய்ப்போ அந்த விகிதத்தில் அடுத்தவர்களைப் பிரித்து அனுப்பு. சான்று கூடக்கூட நல்லதன் பக்கம் தானாகச் சாயும். சான்று குறைவாக இருக்கும்வரை மற்றதையும் கைவிடாது. பல பத்தாண்டுகள் யாரும் பெரிதாகக் கவனிக்காமல் கிடந்த இந்த யோசனை, 2011 வாக்கில் இணைய விளம்பரங்களைத் தேர்ந்தெடுக்கும் ஆய்வுகளில் மறுபடி எழுந்து வந்தது. நோயாளிகளிடம் காட்டிய அந்தக் கரிசனமே அதை உருவாக்கியது என்பதை நினைக்கும்போது எனக்கு அந்தச் சூத்திரத்தின்மேல் தனி மரியாதை.

அண்ணாச்சியின் பழைய வாடிக்கையாளர்களுக்கு வாட்ஸப் செய்தியைத் தொகுதி தொகுதியாக அனுப்பும்போது இந்த முறையைத்தான் பின்பற்றுகிறோம். சின்னக் கடைக்கு எண்ணிக்கை குறைவு. ஒரு வரிக்கு 40 பேரில் நாலு பேர் பதில் போட்டார்கள், இன்னொன்றுக்கு இரண்டு பேர் என்றால் அது வெறும் அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். தாம்ப்சன் முறை அந்த ஐயத்தை விழுங்கிவிடாமல் வைத்துக்கொள்கிறது. மழை வரிக்குப் பதில்கள் மெல்லத்தான் சேர்ந்தன. ஆனால் அவை வேறு மாதிரியான பதில்கள். எப்போது வரும் என்று கேட்டார்கள். எனக்கு ரெண்டு லிட்டர் எடுத்து வையுங்கள் என்றார்கள். அண்ணாச்சி ஒரு பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்துப் பெயர் எழுத ஆரம்பித்தார்.

மழை பிடித்த ஆறாம் நாள் காலை ஆறரை மணிக்கு அவரே கூப்பிட்டார்.

"வெயில் வந்துருச்சு தம்பி. அந்த ஸ்டேட்டஸ எடுத்துருங்க."

"அப்ப இன்னைக்கே எண்ணெய் இருக்குன்னு போட்டுரவா அண்ணாச்சி?"

"போட்டுராதீங்க. எள்ளு ரெண்டு வெயில் காயணும்."

ஸ்டேட்டஸை எடுத்தேன். குறிப்பேட்டைத் திறந்து, மழை என்று எழுதியிருந்த பக்கத்திலேயே அதற்குக் கீழே எழுதிக்கொண்டேன்: ரெண்டு வெயில்.