மருத்துவக் கல்லூரி இடமும் நீதிமன்றமும்



நான் ஆசிரியப் பணியாற்றிய திருவொற்றியூரில் ஸ்டான்லி ஆஸ்பத்திரியை அறியாத குடும்பம் இராது. காசிமேட்டு மீனவரும், துறைமுகத் தொழிலாளரும், எண்ணூரின் நிலக்கரிச் சாம்பலைச் சுவாசித்து இருமுவோரும் நாடிச் செல்லும் இடம் அது. அதனைச் சார்ந்த மருத்துவக் கல்லூரி 1938 முதல் நடைபெறுகின்றது. இத்தகைய கல்லூரிகளில் எவர் பயில்வது என்னும் வினா பலமுறை நீதிமன்றப் படி ஏறியிருக்கின்றது.

1950இல் சென்னை இராஜ்யத்தின் நான்கு அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் சேர்த்து 330 இடங்களே இருந்தன. வகுப்புவாரி ஆணையின்படி, 14 இடங்களுள் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்கள், பிராமணர், அரிசனர் ஆகியோருக்கு இவ்விரண்டு, ஆங்கிலோ-இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்குமாக ஒன்று, முஸ்லிம்களுக்கு ஒன்று. இதனை எதிர்த்து ஸ்ரீமதி செண்பகம் துரைராசன் வழக்குத் தொடுத்தார். (அவர் கல்லூரிக்கு விண்ணப்பமே அனுப்பவில்லை என்பது ஒரு விந்தை!) 1951 ஏப்ரல் 9இல் உச்ச நீதிமன்றம் அவ்வாணை அரசியல் சாசனத்தின் 29ஆம் பிரிவுக்கு முரணானது என்றது. அவ்வாண்டு ஜூனிலேயே பாராளுமன்றம் சாசனத்தைத் திருத்தி, 15(4) என்னும் உட்பிரிவைச் சேர்த்தது. பிற்பட்டோருக்கான இட ஒதுக்கீடு இன்றும் அதனைப் பற்றியே நிற்கின்றது.

அத்தீர்ப்பைப் படிப்போர் அதில் மாணவரைக் காண்பர், நோயாளியைக் காணார். ஓர் இடம் ஒருவருடைய உரிமையா, ஒரு வகுப்பின் பங்கா என்பதே அன்றைய வாதம்.

நோயாளிக்காகவும் அந்த இடம் இருக்கின்றது என்னும் எண்ணம், வேறொரு வழக்கில் தெளிவாக வெளிப்பட்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் உழைக்கும் அரசு மருத்துவர்களுக்குப் பட்டமேற்படிப்பில் பாதி இடங்களைத் தமிழ்நாடு நெடுங்காலமாக ஒதுக்கி வந்தது. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2000ஆம் ஆண்டு விதிகள் இதற்கு இடந்தரவில்லை, உயர்கல்வித் தரம் மத்திய அரசின் பொறுப்பு என்று எதிர்வாதம் எழுந்தது. கல்வி, 1976இல் நிறைவேறிய 42ஆவது திருத்தத்தால் பொதுப்பட்டியலுக்குச் சென்றுவிட்டமையால் சிக்கல் மேலும் பெருகிற்று.

2020 ஆகஸ்டு 31இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, தரத்தை வரையறுப்பது மத்திய அரசின் பொறுப்பு. தகுதி பெற்றோருள் பணியிலிருப்போருக்குத் தனிவழி வகுப்பது மாநிலத்தின் அதிகாரம் என்று பிரித்துரைத்தது. மக்கள் நலவாழ்வை உயர்த்துவதை அரசின் கடமையாக்கும் 47ஆம் பிரிவையும் அது எடுத்துக்காட்டிற்று. பட்டம் பெற்றபின் ஊரகங்களில் சில ஆண்டு பணிபுரிய வகை செய்யவேண்டும் என்றும் கூறிற்று.

உயர்ந்த மதிப்பெண் பெற்றும் இடமிழக்கும் இளைஞர் இதனை அநீதி என்பர். அவர் மனக்குறை பொய்யன்று. எனினும் அவர் போட்டியிடுவது தம் வகுப்புத் தோழரோடு மட்டுமன்று. சிற்றூர் நிலையத்தில் பல ஆண்டு பிரசவம் பார்த்துத் திரும்பியவரோடும்தான் என்பதை நான் மறக்கவியலவில்லை. தீர்ப்பு அதிகாரத்தைத் தந்ததேயன்றி, மருத்துவரைத் தரவில்லை. அவ்வாறு நுரையீரல் மருத்துவம் பயின்று தேறியவரை எண்ணூரை எட்டும் தொலைவில் நியமிப்பது மாநில அரசின் கையில் இருக்கின்றது.