அடுத்த சிப் எதில் மிஞ்சும்?

புதிய கணினி வரப்போகிறது என்றதும் எத்தனை ஜிகாஹெர்ட்ஸ் என்றுதான் பலரும் கேட்கிறார்கள். அடுத்த தலைமுறை ப்ராசஸரை ஊகிக்க அந்த எண் உதவாது. 2004இல் பென்டியம் 4 சிப் 3.8 ஜிகாஹெர்ட்ஸை எட்டியது. இருபது ஆண்டு கழித்தும் உச்சம் ஆறை ஒட்டியே நிற்கிறது. காரணம், வெப்பம். சிப் இழுக்கும் மின்சாரம் வேகத்துக்கு ஏற்பவும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் ஏறும். முன்பு டிரான்சிஸ்டர் சிறுக்கச் சிறுக்க மின்னழுத்தத்தையும் குறைத்தார்கள். ஒரு வோல்ட்டை நெருங்கியதும், அணைத்த டிரான்சிஸ்டரிலும் மின்சாரம் கசிந்தது. அந்த வழி அடைபட்டது.

டிரான்சிஸ்டர்கள் இன்னும் பெருகுகின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான், 2020இல் வந்த ஆப்பிள் எம்1 சிப்பில் 1,600 கோடி இருந்தன. ஆனால் அத்தனையையும் ஒருசேர முழு வேகத்தில் ஓட்டினால் சூடு தாங்காது. நெற்குப்பையின் பெரிய செட்டிநாட்டு வீடுகளில் அறைகள் ஏராளம். ஆள் புழங்கும் அறையில்தான் விளக்கு எரியும். சிப்பும் அப்படித்தான்: படங்களுக்கு ஒரு பகுதி, செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு பகுதி, லேசான வேலைக்குச் சிக்கனமான கோர்கள். சரி, சிப் தயாரிப்பு முறைக்குச் சூட்டும் நானோமீட்டர் எண்ணை நம்பலாமா? இன்று அது பெரும்பாலும் வணிகப் பெயர். எண்ணைவிட வடிவமைப்பே முக்கியம். சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் 2018இல் இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டரிலும், மொகாலி செமிகண்டக்டர் ஆய்வகத்தில் 180 நானோமீட்டரிலும் உருவானது. அதன் அடிப்படையான ரிஸ்க்-ஃபைவ், உரிமக் கட்டணம் இல்லாத கட்டளைத் தொகுப்பு. தேவையான தனிப் பகுதியை யாரும் வடிவமைத்துச் சேர்க்கலாம். ஆகவே வரப்போகும் மாடலில் பார்க்க வேண்டியது, ஒரு வாட் மின்சாரத்தில் எவ்வளவு வேலை முடிகிறது என்பதே.