உழைக்கும் வயதில் பக்கவாதம்: மலைக்கு வேலைக்குச் செல்வோர் அறிய வேண்டியவை

பக்கவாதம் முதியோருக்கே வரும் நோய் என்ற எண்ணம் இன்றும் பலரிடம் உள்ளது. ஆனால் முப்பது, நாற்பது வயதினரும் இந்நோயுடன் எங்களிடம் கொண்டுவரப்படுகின்றனர். போடிநாயக்கனூரிலிருந்து விடியற்காலையில் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்குச் செல்வோர், ஓட்டுநர்கள், ஏலக்காய் தரம் பிரிக்கும் பெண்கள் என எவரும் இதற்கு விலக்கல்லர். சம்பாதிப்பவர் ஒரு கையும் காலும் செயலிழந்து படுத்துவிட்டால் குடும்பமே நிலைகுலைகிறது.

மூளைக்குச் செல்லும் இரத்தக்குழாய் அடைபடுவதாலோ வெடிப்பதாலோ பக்கவாதம் ஏற்படுகிறது. இந்தியா உட்பட 32 நாடுகளில் நடத்தப்பட்டு 2016இல் வெளியான 'இன்டர்ஸ்ட்ரோக்' ஆய்வு, ஏறத்தாழ 90 விழுக்காடு பக்கவாதங்கள் மாற்றிக்கொள்ளக்கூடிய பத்துக் காரணங்களோடு தொடர்புடையவை எனக் காட்டியது. அவற்றுள் முதன்மையானது உயர் இரத்த அழுத்தம்.

அறிகுறியற்ற ஆபத்து

இரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பினும் பலருக்குத் தலைவலிகூட இராது. "உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்று மாத்திரையை நிறுத்துவோர் உளர். பலருக்கு அழுத்தம் கட்டுக்குள் இருப்பதே அம்மாத்திரையால்தான். தோட்டத்து லயங்களில் வாரக்கணக்கில் தங்குவோர், தங்கும் நாள்களுக்குப் போதிய மாத்திரைகளை உடன் எடுத்துச் செல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகள் வீட்டிற்கே வருகின்றன.

"மலையேறி உழைப்பவருக்கு இந்நோய் வருமா?" என்று சிலர் கேட்கின்றனர். உழைப்பு உடலுக்கு நன்மையே. ஆயினும் பீடி, மெல்லும் புகையிலை, மது, கட்டுப்படாத சர்க்கரை, மிகுந்த கொழுப்பு ஆகியவை விளைக்கும் கேட்டை அது ஈடுசெய்யாது. உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும். கட்டுச்சோற்றுடன் வைக்கும் ஊறுகாயும் கருவாடும் இக்கணக்கில் சேரும்.

இளவயதினரிடம் வேறு காரணங்களும் உண்டு. வாதக் காய்ச்சலால் பழுதடைந்த இதய வால்வு, சீரற்ற இதயத்துடிப்பு ஆகியவற்றால் உருவாகும் இரத்தக்கட்டி மூளையை அடையலாம். மகப்பேற்றுக்குப் பிந்தைய வாரங்களில் கடும் தலைவலியோ வலிப்போ வந்தால் உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும்.

உடன் இருப்போர் கடமை

முகம் ஒருபுறம் கோணுதல், கையோ காலோ திடீரென வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல், பார்வை மங்குதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் உடனே 108ஐ அழையுங்கள். தமிழகம், கேரளம் இரண்டிலும் இவ்வெண் இயங்குகிறது. மாலையில் ஜீப் இறங்கும்போது போகலாம் எனக் காத்திருக்க வேண்டா. அடைப்பைக் கரைக்கும் ஊசி, நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் போடப்பட வேண்டும். அதனினும் முந்தினால் பயன் மிகுதி. ஆதலால், அவர் கடைசியாக நலமாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனைக்கே நேராகக் கொண்டுசெல்லுங்கள்.

விழுங்கும் திறன் குறைந்திருக்கலாம் என்பதால் தண்ணீரோ உணவோ தரக்கூடாது. அடைப்பா, கசிவா என ஸ்கேன் காட்டுமுன் ஆஸ்பிரினும் தரக்கூடாது. சில நிமிடங்களில் அறிகுறி மறைந்துவிட்டாலும் அன்றே வாருங்கள். அடுத்த சில நாள்களில் பெரிய பக்கவாதம் வரக்கூடும் என்பதற்கான எச்சரிக்கை அது.

நோயாளியைக் காண வரும் உறவினரும் தம் இரத்த அழுத்தத்தை இங்கேயே அளந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம்.