கறுப்பா இருக்கணும், ஆனா கருகக் கூடாது

ரொம்ப நாளா பதிவுப் பக்கம் தலை காட்டல மக்களே. தீசிஸ் மேல பழியைப் போடலாம்தான். ஆனா உண்மை வேற: பீர் காய்ச்சிட்டு இருந்தேன் :-)

இதை போன்ல சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "டேய், கள்ளச்சாராயமாடா காய்ச்சுற?" சிரிச்சு மழுப்ப முடியல. 2024 ஜூன்ல கள்ளக்குறிச்சியில 60 பேருக்கு மேல செத்ததை அம்மா டிவியில பாத்தவங்க. அதனால பொறுமையா விளக்கினேன். அங்கே கொன்னது மெத்தனால், தொழிற்சாலைகள்ல பயன்படுற கரைப்பான். பீர்ல வடிக்கிற வேலையே கிடையாது. முளைகட்டி உலர்த்தின பார்லியை வெந்நீர்ல ஊற வெச்சு, அந்த இனிப்புத் தண்ணியைக் கொதிக்க விட்டு, ஆறினதும் ஈஸ்ட் போடணும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்னு எத்தனாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடும். இட்லி மாவு பொங்குறதுக்கு அக்கா தங்கச்சி முறை.

ஒன்டாரியோவில சொந்த உபயோகத்துக்கு வீட்ல பீர் செய்யலாம், விக்கத்தான் கூடாது. வடிச்சு சாராயம் எடுத்தா இங்கேயும் குற்றம். தமிழ்நாட்டுல 1937-ம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாம பீர் செய்யறதும் குற்றம்தான். ஊர்ல இருக்கிற தம்பிங்க படிக்கிறதோட நிறுத்திக்கங்கப்பா.

சரி, மேட்டருக்கு வருவோம்.

எங்க லேப்ல ஒரு சீனியர், கலிஃபோர்னியாக்காரர். அவர் ஊர்ப்பக்கம் இருக்கிற ஸ்டோன் ப்ரூயிங் 2007-ல தன்னோட 11-வது ஆண்டு விழாவுக்கு ஒரு கறுப்பு ஐபிஏ போட்டது. அதுவே பின்னாடி 'சப்லைம்லி செல்ஃப் ரைட்டியஸ்'னு நிரந்தர சரக்காச்சு. ஆல்கஹால் 8.7 சதவீதம், கசப்பு 90 ஐபியு. சாதாரண லாகர்ல கசப்பு பெரும்பாலும் 20-க்குள்ள அடங்கிடும். 2015-ல அந்தக் கறுப்பை வழக்கமான பட்டியல்லேர்ந்து எடுத்துட்டாங்க. அண்ணன் இன்னும் துக்கம் கொண்டாடுறார். "நான் செஞ்சு தரேன்"னு வாயை விட்டேன். அந்த பீரை நான் ஒரு சொட்டு கூட ருசி பாத்ததில்ல. பாட்டே கேக்காதவன் ஸ்வரம் எழுத உக்காந்த கதை.

ஐபிஏ-ன்னா இந்தியா பேல் ஏல். 'பேல்'னா வெளிர். அப்போ கறுப்பு ஐபிஏ-ன்னா 'கறுப்பு வெளிர்'! பேர்ல இருக்கிற இந்த முரண்தான் செய்முறையிலயும் சிக்கல். ஸ்டவுட்டுக்குக் கறுப்பு வர்றது நல்லா வறுத்த பார்லியால. அதோட காப்பிக்கொட்டை கருகின கசப்பும் சேந்தே வரும். நமக்கு நிறம் மட்டும் வேணும், கருகல் வேணாம். கசப்பு ஹாப்ஸ் பூவுலேர்ந்துதான் வரணும். இதுக்கு வழி, ஜெர்மனியில பாம்பெர்க் ஊர் வையர்மன் கம்பெனியோட காரஃபா ஸ்பெஷல். உமி நீக்கி வறுத்த மால்ட். உமி போனதால கரகரப்பு குறைச்சல்.

என் கணக்கு, 10 லிட்டருக்கு: சாதா மால்ட் 3 கிலோ, காரஃபா ஸ்பெஷல் 200 கிராம். துணிப்பையில கட்டி 66 டிகிரி தண்ணியில ஒரு மணி நேரம் ஊறல். பையை எடுத்துட்டு ஒரு மணி நேரம் கொதி. கொதி ஆரம்பத்துல சினூக் ஹாப்ஸ் 15 கிராம், கடைசியில சிம்கோ 30 கிராம். புளிச்சு அடங்கினப்புறம் அமரில்லோ 30 கிராம் பச்சையா. முதல்ல போடுறது கசப்புக்கு, கடைசியில போடுறது வாசனைக்கு. நம்மூர் தாளிப்பு மாதிரிதான், என்ன, இறக்கினப்புறம் கொத்தமல்லி தூவுற கட்டமும் உண்டு.

மூணு வாரம் கழிச்சு முதல் பாட்டிலைத் திறந்தா... ஆஸ்பத்திரி வாசனை! டெட்டால்ல ஆரஞ்சு பிழிஞ்ச மாதிரி. அண்ணன் முகர்ந்து பாத்துட்டு மரியாதையா டம்ளரைக் கீழ வெச்சார். பத்து லிட்டரும் சிங்க்ல. ரெண்டு வார மளிகைக் காசு.

கெடுத்தது ஹாப்ஸும் இல்ல, ஈஸ்டும் இல்ல. தண்ணி! டொரன்டோவில ஏரித் தண்ணியில குளோரினோட அமோனியா சேத்து குளோரமினா ஆக்கி அனுப்பறாங்க, குழாய்ல ரொம்ப தூரம் கிருமி அண்டாம வரணும்னு. குடிக்க ஒரு குறையும் இல்ல. ஆனா அது பீர்ல இருக்கிற ஃபீனால்களோட சேந்தா இந்த மருந்து நெடி வந்துடும். சும்மா குளோரின்னா கொதிக்கும்போதே பறந்துடும், குளோரமின் அவ்வளவு லேசுல போகாது. மெட்டாபைசல்ஃபைட் மாத்திரை கால்வாசியைத் தண்ணியில கரைச்சிருந்தா சில நிமிஷத்துல வேலை முடிஞ்சிருக்கும். ஹாப்ஸ் பத்தி ராத்திரி பகலா படிச்சவன் குழாயைப் பத்தி யோசிக்கல. தப்பு என்னோடது.

ரெண்டாவது தடவை மாத்திரை போட்டேன். 20 டிகிரிக்குள்ள ரெண்டு வாரம் புளிக்க விட்டேன். பாட்டில்ல அடைக்கும்போது லிட்டருக்கு 6 கிராம் சர்க்கரை. இதுல கை தாராளமாச்சுன்னா பாட்டில் வெடிக்கும், ஜாக்கிரதை. இன்னொரு ரெண்டு வாரம் காத்திருப்பு.

ஊத்தினா கறுப்பு, மேல பழுப்பு நுரை. கண்ணை மூடிட்டு முகர்ந்தா எலுமிச்சைத் தோலும் பைன் மரமும். கருகல் கடைசியில லேசா எட்டிப் பாத்துட்டுப் போகுது. ஆல்கஹால் ஆறரை சதவீதம்தான், ஸ்டோன் அளவுக்கு இல்ல. அண்ணன் கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னார், "இது அது இல்ல." என் மூஞ்சி தொங்கிடுச்சு. "ஆனா இன்னொண்ணு இருக்கா?"

அம்மாகிட்ட ஜெயிச்ச கதையைச் சொன்னேன். "அவ்வளவு கசப்பை எதுக்குடா காசு குடுத்து வாங்கி, மாசக்கணக்கா காத்திருந்து குடிக்கிற? இங்க வந்தா நிலவேம்புக் கஷாயம் சும்மாவே தரேனே!"

இதுக்கு என்னன்னு பதில் சொல்றது? தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க சாமிகளா. வர்ட்டா!