100 பெடாபைட்டைக் குடிபெயர்த்தவர்கள்

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் புதியதுக்கு மாற்ற வேண்டும். 'கட்', 'பேஸ்ட்' என்று இரண்டு தட்டு தட்டினால் திரையில் ஒரு கோடு மெல்ல ஊர்கிறது. உங்கள் புகைப்படங்கள் பழைய டிஸ்க்கிலிருந்து கிளம்பி, கம்பி வழியாகப் புதிய டிஸ்க்குக்குப் போகின்றன என்றுதானே நினைக்கிறீர்கள்? எதுவுமே கிளம்புவதில்லை.

ஹார்ட் டிஸ்க்குக்குள் பளபளக்கும் தட்டு நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன்மேல் காந்தப் பூச்சு. அந்தப் பூச்சில் கோடிக்கணக்கான நுண்ணிய இடங்களின் காந்தத் திசையை வைத்துத்தான் 0, 1 எல்லாம் எழுதப்படுகின்றன. கணினி அவற்றைப் படித்துப் புதிய தட்டில் அதேபோல எழுதுகிறது. அவ்வளவுதான், அது நகல். எழுதி முடித்ததும் பழைய தட்டில் அந்தக் கோப்பின் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறது. நூலக அட்டவணையில் ஒரு புத்தகத்தின் பெயரைக் கிழித்துவிட்டாலும் புத்தகம் அலமாரியில்தானே இருக்கும்? அதேபோலத் தரவும் அங்கேயே கிடக்கும், வேறொன்று அதன்மேல் எழுதப்படும்வரை.

நம்பிக்கை வரவில்லையா? ஒரே டிஸ்க்குக்குள் ஒரு பெரிய சினிமாவை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிப் பாருங்கள். கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும், ஏனென்றால் பட்டியலில் மட்டும்தான் திருத்தம். வேறு டிஸ்க்குக்கு மாற்றினால் காத்திருக்க வேண்டும். நொடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் ஒரு டெராபைட்டை எழுத 10,000 நொடிகள், அதாவது இரண்டே முக்கால் மணி நேரத்துக்குச் சற்று மேல்.

இதே வேலையை மிகப் பெரிய அளவில் செய்கிறவர்கள் சுவிட்சர்லாந்தில் இருக்கிறார்கள். ஜெனீவாவுக்கு அருகே, பிரான்ஸ் எல்லையை ஒட்டி, 1954இல் தொடங்கிய செர்ன் ஆய்வுக்கூடம் அது. (2004இல் இந்தியா பரிசளித்த நடராசர் சிலை நிற்கும் இடம் என்றால் சிலருக்குச் சட்டென்று நினைவு வரும்.) நிலத்துக்கடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள சுரங்கத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, தெறிப்பதைப் பதிவு செய்கிறார்கள். நீண்டகாலச் சேமிப்புக்கு அவர்கள் நம்புவது காந்த நாடாவை. ஆமாம், பாட்டுக் கேசட்டின் உறவினர்தான்! அலமாரியில் சும்மா இருக்கும் நாடாவுக்கு மின்சாரம் வேண்டாம். தேவைப்படும்போது ரோபோ கை அதை எடுத்து, படிக்கும் கருவியில் செருகும்.

நாடா பல ஆண்டுகள் தாங்கும். ஆனால் அதைப் படிக்கும் கருவியின் தயாரிப்பு அதற்கு முன்பே நின்றுபோகலாம். புதிய நாடாக்களோ அதே இடத்தில் இன்னும் நெருக்கமாக எழுத இடம் தருகின்றன. அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் குடிபெயர்க்க வேண்டியிருக்கிறது. 2013 தொடக்கத்தில் மோதல் இயந்திரத்தைப் பராமரிப்புக்காக நிறுத்தினார்கள். புதிய தரவு வராத அந்த ஏறக்குறைய இரண்டு ஆண்டு இடைவெளியில் 100 பெடாபைட்டைப் புதிய நாடாக்களுக்கு மாற்றும் வேலை நடந்தது. ஒரு பெடாபைட் ஆயிரம் டெராபைட். உங்கள் வீட்டுக் கணினியின் வேகத்தில், ஒற்றை ஆளாக இதைச் செய்தால் 31 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்; அங்கே பல கருவிகள் ஒரே நேரத்தில் ஓடின.

'பழசைத் தூக்கிப் போட்டால் என்ன?' என்று கேட்கலாம். அதே சுரங்கத்தில் 1989 முதல் 2000 வரை எல்.ஈ.பி. என்ற வேறொரு இயந்திரம் இருந்தது. அதைக் கழற்றிவிட்டுத்தான் இப்போதைய இயந்திரத்தை வைத்தார்கள். அன்றைய மோதல்களை இனி அங்கே திரும்ப நடத்த முடியாது. மிச்சம் இருப்பது பதிவுகள் மட்டும்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய சந்தேகக் குணம். 2007இல் 3000க்கும் மேற்பட்ட கணினிகளில், முன்பே தெரிந்த வடிவத்தில் ஒரு பெரிய கோப்பை எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கணினி எந்த எச்சரிக்கையும் தராமலேயே சில இடங்களில் எழுதியது ஒன்றாகவும் படித்தது வேறாகவும் இருந்தது! ஆகவே ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு சோதனை எண் வைத்திருக்கிறார்கள். அதைக் கணக்கிடும் முறையின் பெயர் அட்லர்-32.

பென்சிலை எடுங்கள், நாமும் போடலாம். நம் கோப்பு 3, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். 1இல் தொடங்கி ஒவ்வொன்றாகக் கூட்டினால் 4, 9, 11. இந்த மூன்றையும் கூட்டினால் 24. நமக்கு வேண்டிய சோதனை எண்கள் 11, 24. இப்போது இரண்டு எண்கள் இடம் மாறி 5, 3, 2 ஆகிவிட்டது என்றால்? 6, 9, 11. கூட்டினால் 26. கடைசியில் அதே 11 வந்து நம்மை ஏமாற்றப் பார்க்கிறது. ஆனால் 26 காட்டிக்கொடுத்துவிட்டது. பெரிய கோப்புகளில் எண்கள் பெருத்துவிடும் என்பதால் 65,521ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வார்கள்.

அடுத்த முறை வீட்டில் டிஸ்க் மாற்றும்போது 'கட்' வேண்டாம், 'காப்பி' கொடுக்கச் சொல்லுங்கள். புதியதில் கோப்புகளின் எண்ணிக்கையும் அளவும் சரியா என்று பாருங்கள். சில படங்களையும் பாட்டுகளையும் திறந்து பாருங்கள். அதுவரை பழைய டிஸ்க்கை யாரும் அழித்துவிடாமல் உங்கள் மேசை இழுப்பறையில் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.