கல்லெறியும் குட்டிச்சாத்தான்

இக்காலச் சிறுவர்கள் கைப்பேசியில் ஆடும் விளையாட்டுக்களிலே, பாறையைப் பெயர்த்து எறிந்துவிட்டுப் பல்லை இளிக்கும் பூதம் ஒன்று அடிக்கடி தோன்றுகிறது. அதைக் கண்டு நாம் வியக்க வேண்டுவதில்லை. நாம் குடியேறி வாழும் இம்மலையாள நாட்டில் அப்பூதத்துக்கு மூத்த உறவினன் ஒருவன் நெடுங்காலமாக இருக்கிறான். அவனே குட்டிச்சாத்தான்.

திருச்சூர் மாவட்டத்துப் பெரிங்கோட்டுகரையில் பக்தர்கள் வணங்கும் தெய்வத்தைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. கூரைமேல் கல்லெறிவான், சோற்றில் மண்ணள்ளிப் போடுவான் என்று பாட்டிமார் சொல்லும் குறும்பனையே குறிப்பிடுகிறோம். இந்தியாவின் முதல் முப்பரிமாணத் திரைப்படமாக 1984-இல் வெளிவந்த ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ அவனைக் குழந்தைகளின் தோழனாகவே ஆக்கிவிட்டது.

ஆனால், நம் வீட்டு ஓட்டின்மேல் நள்ளிரவில் கல் விழுந்தால் சிரிப்பு வருமா? சித்தூர்ப் பக்கத்துச் சிற்றூராயினும், தேவிகுளத்துத் தோட்ட லயமாயினும், “எவனோ ஏவிவிட்டான்” என்னும் பேச்சு எழுந்தால் போதும். அண்டை வீட்டார் பகைவராவர். கூலியில் மிச்சம் பிடித்த பணம் மந்திரவாதியின் மடிக்குப் போகும்.

ஜெர்மானியர் இத்தகைய ஆவியைப் ‘போல்டர்கைஸ்ட்’, அதாவது இரைச்சலிடும் பேய், என்பர். இங்கிலாந்தில் பிராங்க் பாட்மோர் என்பவர் இத்தகைய நிகழ்ச்சிகள் பலவற்றை ஆராய்ந்து, 1896-இல் தம் முடிவை வெளியிட்டார். பெரும்பாலும் வீட்டிலுள்ள சிறுவர் சிறுமியரின் கைவேலையே அது என்பது அவர் கருத்து.

திருவல்லாவில் 1898-இல் பிறந்து இலங்கையில் ஆசிரியராக வாழ்ந்த டாக்டர் ஆபிரகாம் கோவூரும் பேய் வீடுகள் பலவற்றை நேரில் ஆராய்ந்தார். கல்லின் பின்னே அவர் கண்டது மனிதக் கையைத்தான். மோசடிக்கு இடமில்லாத சோதனையில் அற்புதம் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் தருவதாக 1963-இல் அறிவித்தார். 1978-இல் அவர் மறையும் வரை அப்பரிசை ஒருவரும் பெறவில்லை. சாத்தானுக்குப் பணத்தாசை இல்லை போலும்!

குற்றவாளி குழந்தையென்று தெரிந்தவுடன் பிரம்பை எடுப்பதும் பிழையே. வாய்விட்டுச் சொல்ல இயலாத துயரம் சில வேளைகளில் கல்லாகப் பறக்கிறது. தந்தையின் குடியோ, பள்ளியில் பட்ட அவமானமோ, யாரேனும் இழைத்த கொடுமையோ, எதுவென்று அருகிருத்திப் பரிவுடன் கேட்டறிதல் பெற்றோர் கடமை.

இடுக்கி மலைகளில் வாழும் அன்பர்களுக்கு இன்னும் ஒரு சொல். அடைமழையில் சரிவிலிருந்து கல் உருண்டு வந்தால் அது குறும்பும் அன்று, ஏவலும் அன்று. மலை விடுக்கும் எச்சரிக்கை. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து, தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டதை நாம் எங்ஙனம் மறப்போம்? சரிவில் கல் உருளும் இரவில் திருநீற்றைத் தேடிக்கொண்டிராமல், பிள்ளைகளைக் கைப்பிடித்துப் பாதுகாப்பான இடத்துக்குச் செல்வதே அறிவுடைமை.

ஆகவே, கல் விழுந்த வீட்டில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “யார் ஏவியது?” என்பதன்று, “எங்கிருந்து வந்தது?” என்பதே. இதனை நம் வீட்டுப் பெரியோரும் சிறியோரும் நெஞ்சில் இருத்துவார்களாக.